மைனஸ் இருபதில் ஒரு வள்ளம்

ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டிலேயே வள்ளம் கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இலையுதிர்காலம் முடியும் தறுவாயில்தான் பலகை வாங்குகிறார்கள். கோடை இங்கே குறுகியது. கிடைக்கிற சில மாதங்களில் தோட்டம் செய்யலாம், ஏரிக்குப் போகலாம், கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போய்வரலாம். கராஜுக்குள் நின்று பலகை சீவ அப்போது எவருக்கும் மனம் வராது. வடக்கே கவர்த்தா, மஸ்கோகா ஏரிகள் உறைந்து, படகு வைத்திருப்பவர்கள் அவற்றைப் பிளாஸ்ரிக்கால் போர்த்திவிட்டு வீட்டுக்குள் அடைந்துகொண்ட பிறகுதான், படகில்லாதவர்களுக்கு அதைக் கட்டுவதற்கான அவகாசம் வருகிறது. சிக்கல் என்னவென்றால், கைக்கு நேரம் கிடைக்கும் மாதங்களும் பசை இறுக மறுக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, எங்கள் வீட்டுக் கராஜில் பதினான்கு அடி நீளமான துடுப்பு வள்ளம் ஒன்றைக் கட்டிய குளிர்காலத்தில், மரவேலையைப் பற்றி நான் கற்றதைவிட வெப்பத்தைப் பற்றிக் கற்றதுதான் அதிகம். அந்த அனுபவத்திலிருந்து பார்த்தால், குளிரோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்குக்கு வேலையை ஒழுங்குசெய்யத் தெரிந்தவருக்குக் குளிர்காலத்தைவிட நல்ல பருவம் இல்லை என்றே சொல்வேன்.

குளிர் நாடுகளில் இது புதிய செய்தியும் அல்ல. நியூஃபவுண்ட்லாந்தின் கரையோர மீனவர்கள் மீன்பிடி ஓய்ந்த குளிர்காலத்தில்தான் காட்டுக்குப் போய், வள்ளத்தின் வங்குகளுக்கு, அதாவது பலகையை உள்ளிருந்து தாங்கும் வளைந்த விலாச்சட்டங்களுக்கு, வேண்டிய இயற்கையான வளைவுள்ள மரங்களைத் தேடி வெட்டினார்கள். பனி படிந்த தரையில் சறுக்குவண்டியில் மரத்தை இழுத்துவருவது கோடையில் புதருக்குள் இழுப்பதைவிட எளிது. அங்குள்ள விண்டர்டன் என்ற ஊரில் இன்று மரப்படகுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஊர்ப் படகுகட்டிகள் வரைபடம் எதுவும் இல்லாமல், மூன்று துண்டுகளாலான ஓர் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு வங்கின் வடிவத்தையும் குறித்துக்கொண்டார்கள். அந்த அச்சுகள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின. ஸ்காண்டிநேவிய நாடுகளின் பலகைமேல் பலகை படியும் படகுக்கலையை யுனெஸ்கோ 2021-இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பழைய முறைகளுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. அவற்றில் ஆணி இருக்கிறது, கம்பி இருக்கிறது, இடுக்குகளில் அடைக்கும் நாரும் தாரும் இருக்கின்றன; பசை இல்லை. ஆணிக்குக் குளிர் தெரியாது. குளிரில் வள்ளம் கட்டுவது சிரமமானது என்ற பேச்சே எப்பொக்சி என்ற ஒட்டுப்பிசின் வந்த பிறகு எழுந்ததுதான்.

நான் தேர்ந்தெடுத்ததோ முழுக்க முழுக்க அந்தப் பிசினை நம்பிய முறை. ஒட்டுப்பலகைகளை வரைபடத்தின்படி வெட்டி, ஓரங்களில் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, வள்ளத்தின் வடிவம் வந்ததும் உள்மூலைகளில் பிசின் பூசி, அதன்மேல் கண்ணாடிநார் நாடா ஒட்டிவிட வேண்டும். இந்த முறையை உலகறியச் செய்தது 1963-இல் லண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமான மிரர் என்ற சிறு பாய்மரப் படகு. தொலைக்காட்சியில் வீட்டுப் பழுதுபார்ப்பு வேலைகள் சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் படகு, டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில், 63 பவுண் 11 சிலிங்குக்கு உதிரிப் பலகைகளாக விற்கப்பட்டது. பத்திரிகையின் நிறமான சிவப்பே பாயின் நிறமும் ஆயிற்று. சமையலறை மேசையிலும் முன்அறையிலும் வைத்துச் சாதாரண மனிதர்கள் கட்டிய அந்தப் படகுகளின் பதிவெண்கள் எழுபதாயிரத்தைத் தாண்டின. பலகைகளைத் தைத்துப் படகாக்குவது சோழமண்டலக் கரைக்குப் பழக்கமானதுதான். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலைகளுக்கு ஊடாகக் கரைசேர்த்த மசூலாப் படகுகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அவற்றில் கயிறு கடைசிவரை பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கும். என் வள்ளத்தில் செப்புக் கம்பி பிசின் இறுகும்வரை மட்டும் வேலைசெய்துவிட்டு வெளியேறிவிடும். ஆகவே பிசின் இறுகாவிட்டால் வள்ளமே இல்லை.

பலகை ஒகூமே என்ற மரத்தினுடையது. ஆபிரிக்காவில் காபோன் நாட்டுக் காடுகளிலிருந்து வரும் இந்த மரம் எடை குறைந்தது, இளஞ்சிவப்பு நிறம் கொண்டது, நன்றாக வளையும். ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள கடற்பாவனைத் தரப் பலகைகளைக் கடைக்காரர் சூடாக்கப்படாத களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தந்தபோது அவை கையை உறையவைக்கும் குளிரில் இருந்தன. அப்படி வந்த பலகையைச் சூடான இடத்துக்குள் கொண்டுபோனதும் அதன்மேல் ஈரம் வியர்த்துப் படியும். அது முழுதாகக் காய்ந்து, வீட்டின் வறண்ட காற்றுக்கு மரம் பழகும்வரை அதைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதற்கு இருந்த ஒரே இடம் முன்அறைச் சுவர். சோபாவுக்குப் பின்னால் எட்டடிப் பலகைகள் சாய்ந்து நின்ற நாட்களில் வந்த விருந்தினர்கள் எல்லோரும் வீட்டில் திருத்தவேலை நடக்கிறது என்றே நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. கார் வெளியே பனியில் நிற்கப்போகிறது என்பதையும், காலையில் முன்கண்ணாடியின் பனியைச் சுரண்டுவது இனி என் பொறுப்பு என்பதையும் என் மனைவி அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பதினான்கு அடி வள்ளத்துக்கு எட்டடிப் பலகை போதாது. இரண்டு பலகைகளை நுனியோடு நுனி சேர்க்க வேண்டும். வெறுமனே முட்டவைத்து ஒட்டினால் வளைக்கும்போது அந்த இடத்தில் முறியும். ஆகவே இரண்டு நுனிகளையும் தடிப்பின் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். ஆறு மில்லிமீற்றர் பலகைக்கு அந்தச் சாய்வு 48 மில்லிமீற்றர் வரும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி இதுதான். பலகைகளைப் படிக்கட்டுப்போல ஒன்றுக்குமேல் ஒன்று பின்தள்ளி அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, எல்லாவற்றையும் ஒரே சாய்வாகச் சீவுளியால் இழைத்துக்கொண்டு போகும்போது, ஒட்டுப்பலகையின் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டுக் குறுக்கே கோடுகளாகத் தெரியும். ஒரு அடுக்கின் நார் நீளவாட்டில் ஓடும், அடுத்ததின் நார் குறுக்குவாட்டில் ஓடும் என்பதால் ஒன்று வெளிறியும் ஒன்று கருமையாகவும் காட்டும். அந்தக் கோடுகள் நேராக இருந்தால் சாய்வும் நேராக இருக்கிறது என்று பொருள். எங்காவது ஒரு கோடு பெருத்து வளைந்தால் அந்த இடத்தில் சீவுளி ஆழமாக இறங்கியிருக்கிறது. அளவுகோலை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பலகை தானே சொல்லிவிடும். கடைசி அடுக்கு முகச்சவரத் தகடுபோல் மெலிந்து, விரலால் தொட்டால் மடங்கும் நிலையில் நிறுத்த வேண்டும். இந்த வேலைக்கு ஹீற்றர் வேண்டியதில்லை. மைனஸ் பன்னிரண்டில் தொடங்கினாலும் சற்று நேரத்தில் மேற்சட்டையைக் கழற்றிவிடுவோம்.

தைப்பது வேறு கதை. கம்பியைத் துளைக்குள் விட்டு வெளியே இழுத்துக் குறட்டால் முறுக்குவதற்கு விரல்நுனி வேண்டும், தடித்த கையுறையோடு அது நடவாது. குளிர்ந்த செப்புக் கம்பியை வெறுங்கையால் பிடித்திருந்தால் சில நிமிடங்களில் விரல் மரத்துப்போகும். மெல்லிய கம்பளிக் கையுறைக்குமேல் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது ஓரளவு உதவுகிறது. வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் பலகைகள் முறுகி ஒன்றுசேரும் இடத்தில், குளிர்காலத்து வறண்ட பலகை வெடிக்கப்பார்க்கும். பழைய துவாய்களை அதன்மேல் விரித்து, கேத்திலில் கொதித்த நீரை ஊற்றிச் சற்றுப் பொறுத்தால், மெதுமெதுவாக அது இணங்கிவரும். கதவு மூடிய கராஜில் அந்த ஆவி எழுந்து கூரையில் முட்டி உறைவதையும் பார்க்கலாம்.

அந்தக் கட்டத்தில்தான் எங்கள் தெருவில் குடியிருக்கும் வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர் வள்ளத்தைப் பார்க்க வந்தார். தொப்பி, சால்வை, முழங்காலளவு கோட்டு எல்லாவற்றோடும் உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வள்ளத்தை ஒருமுறை சுற்றிவந்தார். அணியத்திலிருந்து பின்முனையான கடையார்வரை தையலின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து உள்ளே எட்டிப்பார்த்து, “வங்கு எங்கை தம்பி?” என்று கேட்டார்.

“வங்கு இல்லை ஐயா. பலகையும் மூலைப்பூச்சும்தான் பலம். இருக்கைப் பலகைகளும் இரண்டு குறுக்குத் தடுப்பும் வரும்.”

“வங்கும் இல்லை, ஏராவும் இல்லை. பேந்தென்னண்டு நிக்கும்?” ஏரா என்று அவர் சொன்னது வள்ளத்தின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகுமரத்தை.

பலகையை இரு திசையில் வளைத்துவிட்டால் அந்த வளைவே அதற்கு விறைப்புத் தருகிறது என்று நான் விளக்க, அவர் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் கேட்டுக்கொண்டிருந்தார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலின் கதையைத் தகப்பன் வாயால் கேட்டு வளர்ந்த மனிதருக்கு, ஆறு மில்லிமீற்றர்ப் பலகை ஒரு பேச்சாகவே இருந்திருக்காது. போகும்போது வாசலில் நின்று, “எங்கட ஆக்கள் வள்ளத்தில கனடாவுக்கு வந்தவை. நீ இங்கையிருந்து வள்ளங் கட்டி எங்கை ஓடப்போறாய்?” என்றார். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்தக் கரையின் மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். நம் சனத்தின் நடுவில் பொழுதுபோக்காக வள்ளம் கட்டுகிறவன் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். சிரித்தபடிதான் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன்.

இனி பிசினுக்கு வருகிறேன். எப்பொக்சி வண்ணப்பூச்சைப்போல் காய்ந்து இறுகுவதில்லை. பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் என்ற திரவத்தையும் குறித்த விகிதத்தில் கலந்ததும் இரண்டுக்கும் இடையே வேதிவினை தொடங்கி, அதன் முடிவில் இறுகிய பொருளாகிறது. எந்த வேதிவினையையும்போல அதற்கும் வெப்பம் வேண்டும்; வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. நான் பாவித்த வெஸ்ட் சிஸ்டம் பிசினின் மெதுவான ஹார்டனர், 22 பாகையில் பத்து முதல் பதினைந்து மணித்தியாலத்தில் திடமாகிவிடும். அதற்கு ஆகக் குறைந்த பாவனை வெப்பநிலை 16 பாகை. விரைவான ஹார்டனரோ 4 பாகைவரை வேலைசெய்யும். குளிர்காலத்துக்கு விரைவானதையே வாங்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. கோடையில் அதைக் கலந்தால் பத்து நிமிடத்தில் கோப்பைக்குள்ளேயே சூடேறிக் கட்டியாகிவிடும். எட்டுப் பத்துப் பாகைக் குளிரில் அதே கலவை அவசரமின்றிப் பூசி, நாடாவை விரித்து, சுருக்கங்களை நீவிவிட நேரம் தருகிறது. தனியாளாக வேலைசெய்கிறவனுக்கு இது பெரிய வரம். குளிரை எல்லோரும் எதிரியாகவே எழுதுகிறார்கள். நீண்ட மூட்டொன்றுக்கு ஒரேமூச்சில் நாடா ஒட்ட வேண்டிய நாளில் அதைவிட உதவியான கூட்டாளி இல்லை.

இந்தப் பிசினை உருவாக்கியவர்களும் குளிர்காலத்து மனிதர்களே. மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரன் ஏரியின் ஒரு விரிகுடாவை ஒட்டிய பே சிற்றி என்ற ஊரில் இருந்த கூஜன் சகோதரர்கள், உறைந்த ஏரியின்மேல் எஃகுச் சறுக்குகளில் ஓடும் பனிப்பாய்ப் படகுகளை மரத்தாலும் எப்பொக்சியாலும் கட்டியவர்கள். அவர்கள் கட்டிய டிஎன் வகைப் படகே 1937-இல் டெட்ரோயிற் நியூஸ் பத்திரிகையின் ஆதரவில், வீட்டில் கட்டிக்கொள்ளக்கூடியதாக வடிவமைக்கப்பட்டது. அதன் பெயரும் அந்தப் பத்திரிகையின் முதலெழுத்துகள்தான். லண்டனில் மிரர் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இங்கே ஒரு செய்தித்தாள் வாசகர்களைப் படகுகட்டிகளாக்கியிருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

பிசின் குளிர்ந்தால் தை மாதத்துத் தேங்காயெண்ணெய்போல் தடித்துவிடும். போத்தல்களில் பொருத்தும் அளவுப் பம்பு அந்தத் தடித்த பிசினை முழுதாக இழுக்காது. ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம் நமக்குத் தெரியாமலேயே மாறி, எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் பூச்சு மிஞ்சும். போத்தல்களை வீட்டுக்குள், சமையலறை அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்து வேலை நேரத்தில் மட்டும் வெளியே எடுப்பதும், பம்பை நம்பாமல் தராசில் நிறுத்துக் கலப்பதும் இதற்கு மாற்று. நீண்ட நாள் குளிரில் கிடந்த பிசின் சில வேளை சீனிபோலப் படிகமாகிவிடுவதும் உண்டு. சுடுநீருக்குள் போத்தலை வைத்துச் சூடாக்கிக் கலக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும், எறிய வேண்டியதில்லை.

அடுத்தது கராஜைச் சூடாக்கும் கேள்வி. முதலில் எல்லோருக்கும் தோன்றுவது புரொப்பேன் ஹீற்றர். விலை குறைவு, சூடு உடனே வரும். ஆனால் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவியும் மூன்று கிலோ கரியமிலவாயுவும் உண்டாகின்றன. பார்பிகியூ அடுப்புக்கு வாங்கும் ஒன்பது கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது கிட்டத்தட்ட பதினைந்து லீற்றர் தண்ணீர் கராஜின் காற்றில் கலந்திருக்கும். அது குளிர்ந்த பலகையிலும் கருவிகளிலும் படியும். சீவுளியின் தகட்டில் துரு ஏறும். எப்பொக்சிக்கு இதைவிடக் கேடு வேறில்லை. இறுகிக்கொண்டிருக்கும் மேற்பரப்பில் ஹார்டனரில் உள்ள அமைன் என்ற வேதிப்பொருள் இந்த ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்ந்து, தொட்டால் வழுக்கும் மெழுகுப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. கண்ணுக்கு மினுக்கமாக நன்றாகவே இருக்கும். அதன்மேல் அடுத்த பூச்சு பூசினால் பிடிக்காது. படலத்தை நீக்குவதற்கு வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைநிறப் பஞ்சும் போதும்; அது நீரில் கரைவது. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைபட்டு, படலம் மேலும் உள்ளே தேய்ந்து இறங்கும். இதோடு, வாயு எரியும் மூடிய அறையில் காபன் மொனொக்சைட்டு சேரும் ஆபத்தும் இருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கராஜில் திறந்த சுவாலை கூடவே கூடாது என்பதே என் கருத்து.

மின்சார ஹீற்றருக்கு வேறோர் எல்லை. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 1500 வாற் ஹீற்றர், இந்நாட்டின் 120 வோல்ற்றில் பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். கராஜின் 15 அம்பியர் இணைப்பில் அதற்குமேல் ஓர் இழைப்பு இயந்திரத்தைப் போட்டாலே பிரேக்கர் விழுந்துவிடும். வெளியே மைனஸ் இருபதாக இருக்கும்போது, காப்பிடப்படாத சுவரும் மெல்லிய கதவும் கொண்ட அறையை அந்த ஒரு ஹீற்றர் சில பாகைகளே உயர்த்தும். கராஜ் முழுவதையும் சூடாக்க முயல்கிறவர் தெருவைத்தான் சூடாக்குகிறார். சூடு வேண்டியது வள்ளத்துக்கு. அதிலும் அன்றைக்குப் பசை பூசிய மூட்டுக்கு மட்டும். சீமெந்துத் தரை பகல் முழுதும் குளிரை உமிழ்ந்துகொண்டிருப்பதால், முதலில் தரையில் இளஞ்சிவப்பு நிறக் காப்பு நுரைத்தகடுகளைப் பரப்பினேன். வள்ளத்தைக் கவிழ்த்துவைத்தால் அது தானே ஒரு கூரையாகிறது. அதற்குள் எண்ணெய் நிரப்பிய ரேடியேற்றர் ஒன்றை வைத்து, பழைய கம்பளிகளால் வள்ளத்தைப் போர்த்தி, ஓரங்களில் பிளாஸ்ரிக் தாளைத் தொங்கவிட்டால், கராஜ் இரண்டு பாகையில் இருக்கும்போதும் வள்ளத்தின் பலகை பதினெட்டில் நிற்கும். சிவந்து எரியும் கம்பிச்சுருள் உள்ள ஹீற்றரை இப்படிப் போர்வைக்குக் கீழே வைப்பது தீயை அழைப்பது. எண்ணெய் ரேடியேற்றரைக்கூடத் துணியில் முட்டாமல் வைத்து, இரவில் எழுந்து பார்த்துக்கொண்டேன். வெப்பமானியைக் காற்றில் தொங்கவிடுவதால் பயனில்லை, பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். காற்று சூடாகி நெடுநேரம் கழித்தே பலகை சூடாகும். ஒன்ராறியோவின் நேரவாரி மின்கட்டணம் வார நாட்களில் மாலை ஏழு மணிக்குமேல் குறைகிறது என்பதும் இந்த ஏற்பாட்டுக்குத் தோதாக அமைந்தது. வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டு, ஏழுக்குமேல் கலக்கத் தொடங்கினால், மலிவான மின்சாரத்தில் விடியும்வரை பிசின் இறுகிக்கொண்டிருக்கும்.

பலகைக்குப் பிசினை முழுப் பூச்சாகப் பூசும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரத்தின் நுண்துளைகளுக்குள் காற்று இருக்கிறது. பூசிய பிறகு பலகை சூடேறினால் அந்தக் காற்று விரிந்து குமிழிகளாக வெளியேறி, பூச்சு முழுவதும் ஊசித்துளைகள் விழும். பலகையை முதலில் நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஹீற்றரை அணைத்து, வெப்பம் இறங்கத் தொடங்கும்போது பூசினால், சுருங்கும் காற்று பிசினை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகு மீண்டும் ஹீற்றரைப் போடலாம்.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு, வேலைகள் தாமாகவே இரண்டு குவியலாகப் பிரிந்தன. சீவுதல், அறுத்தல், துளையிடுதல், தைத்தல் ஆகியவற்றுக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. பசை, பூச்சு இரண்டுக்கும் வெப்பம் வேண்டும். ஜனவரி நடுவில் சில நாட்களுக்குப் பனி இளகி வெப்பநிலை பூச்சியத்துக்குமேல் போவது இங்கே பெரும்பாலான ஆண்டுகளில் நடப்பது. அந்த நாட்களுக்கென்று பெரிய ஒட்டுவேலைகளைச் சேர்த்துவைத்தேன். வானிலை அறிக்கையைப் பார்த்து வேலையைத் தீர்மானிப்பது விவசாயிக்கும் மீனவனுக்கும் பழக்கமானது, கணினி முன்னால் உட்காரும் எனக்குப் புதிது. கடும் குளிர் வாரங்களில் கராஜைப் பூட்டிவிட்டு நிலக்கீழறையில் துடுப்புச் செதுக்கினேன். ஸ்ப்ரூஸ் மரச்சட்டத்தைச் சதுரமாக எடுத்து, எண்பட்டையாக்கி, பிறகு பதினாறு பட்டையாக்கி, கடைசியில் உருண்டையாக்கும் அந்த வேலைக்குச் சீவுளியும் பொறுமையும் தவிர வேறெதுவும் வேண்டாம். சாதாரண வெள்ளை மரப்பசை ஏறக்குறைய பத்துப் பாகைக்குக் கீழே இறுகினால் சுண்ணாம்புத்தூள்போல் வெளிறிப் பலமிழந்துவிடும் என்பதால், துடுப்பின் அலகுகளை ஒட்டுவதற்கும் நிலக்கீழறையே ஏற்றது.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் கராஜ்க் கதவைத் திறந்துவைத்துத் தேய்க்கலாம், குளிரில் முடியாது. குறைந்த வெப்பத்தில் வெளிப்பார்வைக்கு இறுகிய எப்பொக்சி உள்ளே முழுதாக இறுகாமல் பல நாள் இருக்கும். அந்த நிலையில் தேய்த்து வரும் தூசி தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் எப்பொக்சியைத் தொட முடியாமல் போகலாம். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை, தூசி உறிஞ்சி, வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்குகளில் ரப்பர் நாடா எல்லாம் வேண்டும். தேய்ப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது.

ஏப்ரலில் வள்ளம் உருவில் முடிந்துவிட்டது. வெயிலின் புற ஊதாக் கதிர் எப்பொக்சியைச் சிதைத்துவிடும் என்பதால் அதன்மேல் வண்ணமோ வார்னிஷோ பூசியே ஆகவேண்டும். அதற்கு மே மாதம்வரை காத்திருந்து, கதவைத் திறந்துவைத்துப் பூசினேன். மே மாதத்திலும் ஏரியில் இறக்க முடியவில்லை. காற்று இருபது பாகையாகி, தெருவில் பிள்ளைகள் அரைக்காற்சட்டையோடு திரியும் நாட்களில்கூட, பனி உருகிய ஏரியின் நீர் பத்துப் பாகைக்குக் கீழேயே இருக்கும். அந்த நீரில் விழுந்த மனிதனுக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஒரு மணித்தியாலம் என்று, மனித்தோபாப் பல்கலைக்கழகத்தில் குளிர்நீரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்குத் தந்திருக்கிறார். இறப்பவர்களில் பலர் குளிரால் விறைப்பதற்கு முன்பே, அந்த முதல் நிமிடத்தில் நீரை உள்ளிழுத்து மூழ்கிவிடுகிறார்கள். ஆகவே முடிந்த வள்ளம் ஜூன் கடைசிவரை கராஜிலேயே கிடந்தது. காரும் வெளியிலேயே நின்றது.

கனடாவில் துடுப்பு வள்ளத்துக்கு உரிமம் தேவையில்லை. பத்துக் குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள இயந்திரம் பூட்டினால்தான் அது வேண்டும். ஆளுக்கொரு மிதவைச் சட்டை, பதினைந்து மீற்றர் மிதக்கும் கயிறு, நீர் இறைக்க ஒரு வாளி, ஊதல் ஆகியவை கட்டாயம். வருகிற ஒக்ரோபரில் தொடங்க எண்ணுகிறவர்கள் யாராவது இருந்தால், தரைக்குப் போடும் நுரைத்தகடுகளையும் எண்ணெய் ரேடியேற்றரையும் கோடை முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். முதற்பனி விழுந்த பிறகு கடைகளில் இரண்டும் இருக்காது. பலகையை நவம்பரில் வாங்கினாலும் போதும், முன்அறையில் இடம் இருந்தால்.